ஆறு விழுந்த இடத்தில் ஒரு நட்சத்திரம்

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. முப்பது வயது வரை கொச்சியை ஒட்டிய மட்டாஞ்சேரியில் ஒரு பண்டகசாலையில் மூட்டைகளுக்குக் குறி போட்டேன். தகரத்தில் வெட்டிய எழுத்தைச் சாக்கின் மேல் வைத்து, மை தொட்ட தூரிகையால் ஒற்றி எடுப்பதுதான் வேலை. மிளகு மூட்டைக்கு ஒரு குறி, சுக்கு மூட்டைக்கு ஒரு குறி. மிளகு என்னை ஒன்றும் செய்யவில்லை. சுண்ணாம்பு பூசிய சுக்குதான் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. மூட்டையைத் தட்டினால் வெள்ளையாகப் பொடி பறக்கும். மூன்று மழைக்காலம் இருமினேன். நான்காவது மழைக்காலத்தில் டாக்டர் வேறு வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்.

போர்ட் கொச்சியில், கடலைப் பார்த்த ஒரு பழைய கட்டடத்தில், தண்ணீரைச் சோதிக்கிற ஆபீஸ் ஒன்று அப்போது புதிதாக வந்திருந்தது. கோடு கோணாமல் போடத் தெரிந்த, கை சுத்தமான ஆள் ஒருவர் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒரு தாளைக் கொடுத்து ஒரு அங்குல இடைவெளியில் இருபது கோடு போடச் சொன்னார்கள். போட்டேன். மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. வருஷா வருஷம் புதுப்பிக்கிற தற்காலிக வேலைதான். ஆனாலும் பன்னிரண்டு வருஷம் அது புதுப்பிக்கப்பட்டது, இருமலும் போயிற்று.

என் வேலையைச் சொல்கிறேன். எங்கள் ஆபீஸ் படகு அழிமுகத்துக்குப் போகும். அழிமுகம் என்பது ஆறுகள் வந்து விழும் காயலின் தண்ணீர் கடலில் சேருகிற வாய். அங்கே படகுக்காரர் பித்தளைப் பாட்டிலைக் கயிற்றில் கட்டி இறக்கி, நான்கு ஆழங்களில் தண்ணீர் எடுப்பார். மேல்மட்டம், அதற்குக் கீழே இரண்டு இடம், கடைசியாக அடித்தட்டு. உள்ளே ஆய்வுக்கூடத்தில் அந்தத் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று பார்த்து ஒரு தாளில் எழுதுவார்கள். அந்தத் தாள் என் மேசைக்கு வரும். நான் கட்டம் போட்ட காகிதத்தில் அதைப் படமாக்குவேன். மேல் கோடு தண்ணீரின் மேற்பரப்பு. கீழே போகப் போக ஆழம். இடமிருந்து வலம் போகப் போக உப்பு. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு புள்ளி.

இதற்குப் பின்னால் இருக்கிற சாஸ்திரம் எனக்குத் தெரியாது. ஆனால் பன்னிரண்டு வருஷம் புள்ளி வைத்தால் தண்ணீரின் முகம் பழகிவிடும். கோடையில் புள்ளிகள் எல்லாம் வலது பக்கம் ஒன்றாக நிற்கும், மேலும் கீழும் உப்புத்தான். மழை பிடித்தால் மேலே உள்ள புள்ளிகள் இடது பக்கம் ஓடிவிடும். அடித்தட்டுப் புள்ளிகள் மட்டும் அசையாமல் வலதுகோடியிலேயே நிற்கும். மேலே ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் போக, அடியில் கடல் தண்ணீர் உள்ளே வருகிறது என்று படகுக்காரர் ஒருநாள் சொன்னார்.

எனக்கென்று சில பழக்கங்கள் இருந்தன. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, பண்டகசாலையிலிருந்து கையோடு வந்தவை. அங்கே இரண்டு பேருடைய சரக்கு ஒரே குறியில் வந்தால், குறியைச் சுற்றி ஒரு வட்டம் போடுவோம். இங்கே இரண்டு அளவு ஒரே இடத்தில் விழுந்தால் புள்ளியைச் சுற்றி ஒரு வளையம் போட்டேன். மூன்றாவதும் விழுந்தால் இன்னொரு வளையம். அளவு காகிதத்தைத் தாண்டிப் போனால் ஓரத்தில் ஒரு சிறிய அம்புக்குறி. கடைசியாக எல்லாவற்றையும் எண்ணி, வலது கீழ் மூலையில் பென்சிலால் எண்ணிக்கையை எழுதி, அளவுத் தாளோடு ஒத்துப்போனால் அதன் மேல் ஒரு கோடு இழுப்பேன். மூட்டை ஏற்றும்போது எண்ணாமல் வண்டியை விட மாட்டோம் அல்லவா, அது மாதிரி.

மழைக்காலத் தாளில் அடித்தட்டுப் புள்ளியைச் சுற்றி நான்கைந்து வளையம் சேர்ந்துவிடும். படகுக்காரர் அதை வெங்காயம் என்பார். அவர் மட்டாஞ்சேரிக்காரர், என் தெருவுக்கு அடுத்த தெரு. தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். என்னைக் கிண்டலாகவும் பிரியமாகவும் அண்ணாச்சி என்று கூப்பிடுவார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு எத்தனை வெங்காயம் உரிச்சு?"

நான் சிரிப்பதோடு சரி. வாய் திறந்து பேசுவது எனக்குச் சிறுவயதிலிருந்தே வராது. வாசலில் இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தால், அவர்கள் நகரும் வரை வராந்தாவிலேயே நிற்கிறவன் நான். பெரிய ஸாரிடம் பன்னிரண்டு வருஷத்தில் "சரி ஸார்" என்பதைத் தவிர அதிகம் பேசியதில்லை. பெரிய ஸார் என்றால் ஆபீஸின் தலைவர். அவர் மலையாளத்தில்தான் பேசுவார். அதையும் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஒருநாள் அவர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். மதராஸில் ஒரு இடத்தில் கணக்குப் போடும் யந்திரம் வந்திருக்கிறது, இனி நம் கணக்குகள் அங்கே போகும், படத்தையும் அந்த யந்திரமே அச்சடித்துத் தரும் என்று. பிறகு என்னைத் தனியாக அழைத்தார். நல்ல மனிதர், சொல்லக் கஷ்டப்பட்டார்.

"இப்போதைக்கு ஒரு பரீட்சை மாதிரிதான். மழைக்காலத்துத் தாள்கள் சரியாக வந்தால், அடுத்த வருஷத்திலிருந்து கையால் போடத் தேவை இருக்காது. உங்கள் பழைய பண்டகசாலைக்கு நான் ஒரு நல்ல கடிதம் எழுதித் தருகிறேன்."

"சரி ஸார்" என்றேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி அரைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "திரும்ப அந்தச் சுக்குப் பொடிக்கா?" என்று கேட்டாள். அவள்தான் மூன்று மழைக்காலம் என் முதுகைத் தடவி விட்டவள்.

மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மாதத்தில், மதராஸிலிருந்து அந்த அம்மாள் வந்தார். யந்திரத்துக்கு வழிமுறை எழுதுகிறவர். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கையில் குடை, கூலிக்காரர் தலையில் இரண்டு நீளமான அட்டைப் பெட்டிகள். பெட்டி நிறைய, சிறு துளைகள் போட்ட கார்டுகள். கட்டுக் கட்டாக ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார்.

"இதெல்லாம் எங்க லைப்ரரியிலேர்ந்து எடுத்தது" என்றார் பெரிய ஸாரிடம்.

பிறகு எங்களுக்கும் விளக்கினார். அவர்கள் லைப்ரரி என்பது புத்தகம் வைத்த இடம் இல்லையாம். ஒரு இரும்பு அலமாரி, நிறைய இழுப்பறைகள். ஒவ்வொரு இழுப்பறையிலும் ஒரு வேலைக்கான கார்டுக் கட்டு. ஒரு கட்டு சராசரி பார்க்கும், ஒரு கட்டு வரிசைப்படுத்தும், ஒரு கட்டு படம் போடும். யாருக்கு எது தேவையோ, அந்தக் கட்டின் நகலைத் தங்கள் கார்டுகளோடு சேர்த்து யந்திரத்துக்குக் கொடுத்தால் போதும். படம் போடும் கட்டை எழுதியவர் இவரேதான். பல ஊர்களிலிருந்து அதை வாங்கிப் போகிறார்கள் என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. கெட்டிக்காரி என்று எனக்கும் தோன்றியது.

படகுக்காரர் ஒரு கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அண்ணாச்சி, கரையான் தின்ன மாதிரி உண்டு. இதா படம் போடப் போகுது?"

"மெதுவா" என்றேன் நான்.

அந்த அம்மாளுக்குக் கேட்டுவிட்டது. "கரையான் இல்லீங்க. நாங்கதான் தின்னு வெச்சிருக்கோம்" என்று சிரித்தார். மதராஸ் தமிழ். எனக்கு வெட்கம் தாங்கவில்லை.

மறுநாள் காலை, தாம் அச்சடித்துக் கொண்டுவந்திருந்த முதல் தாளைப் பெரிய ஸாரின் மேசையில் விரித்தார். சென்ற ஆடி மழையில் ஆறு முறை படகு போய் எடுத்த அளவுகள் அவை. ஒவ்வொரு முறையும் நான்கு ஆழம், மொத்தம் இருபத்துநான்கு. மேற்பரப்பு மேலே, ஆழம் கீழே என்று சரியாகவே இருந்தது. புள்ளிக்குப் பதில் சின்னச் சின்ன நட்சத்திரங்கள். கட்டமெல்லாம் நேர்த்தி. என் கையால் ஒரு நாளைக்கு நாலு தாள் போடுவேன். யந்திரம் இதைப் போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையாம். நான் பின்னால் நின்று பார்த்தேன். பண்டகசாலையின் வாசல் கண்முன் வந்தது.

பெரிய ஸார் தாளை உற்றுப் பார்த்தார். மேலே இடது பக்கம் நட்சத்திரங்கள் கூட்டமாக இருந்தன. கீழே வலதுகோடியில் ஒன்றே ஒன்று தனியாக நின்றது. அந்த இடத்தில் என் வளையங்களோடு நிற்கும் புள்ளியைப் பார்த்துத்தான் அவர் கண்ணுக்குப் பழக்கம்.

"இந்த ஒரு நட்சத்திரம் மட்டும் எங்கேயோ போய் நிற்கிறது. பாட்டில் சரியாக மூடியிருக்காது. இதை விட்டுவிடலாம்" என்றார்.

"ஒண்ணுதானே ஸார், எடுத்துடலாம்" என்றார் அந்த அம்மாள். "சாயந்திரம் மேலிடத்துக்கு அனுப்புற காகிதங்கள்ல இந்தத் தாளையே முதல்ல வெச்சுடலாம்."

படகுக்காரர் கதவருகே நின்றிருந்தார். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். வராந்தாவுக்கு வந்ததும் என்னிடம் பொரிந்து தள்ளினார்.

"பாட்டில் மூடலையா? ஞான் மூடாத பாட்டிலா? ஆறு தடவை மழையில நனைஞ்சு அடித்தட்டு வரை இறக்கினேன் அண்ணாச்சி. ஆறு தடவை! ஒரு தடவை தலைக்கு நேரே மின்னல். படகு ஆடின ஆட்டத்துல குடிச்ச சாயா வெளியே வந்தது. அதெல்லாம் எங்கே போச்சு?"

தலையை ஆட்டினேன்.

மதியம் அவர்கள் சாப்பிடப் போனார்கள். அச்சுத் தாளையும் அளவுத் தாளையும் சேர்த்து வைக்கும்படி என் மேசையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். சேர்த்து வைப்பதுதான் என் வேலை. ஆனால் ஒரு தாள் மேசைக்கு வந்தால் என் விரல் தானாக எண்ண ஆரம்பித்துவிடும். எண்ணினேன். பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். பத்தொன்பதுதான். அளவுத் தாளில் இருபத்துநான்கு.

ஐந்து எங்கே என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். அடித்தட்டு அளவுகள் ஆறும் கிட்டத்தட்ட ஒரே எண். ஆறும் ஒரே இடத்தில் விழுந்திருக்கின்றன. ஒன்றின் மேல் ஒன்று. மேலே தெரிவது ஒரு நட்சத்திரம் மட்டும்.

அப்போது நான் செய்ததற்கு இன்றுவரை எனக்கே சரியான காரணம் தெரியாது. பேனாவை இந்தியன் மையில் தோய்த்தேன். அந்த ஒற்றை நட்சத்திரத்தைச் சுற்றி ஐந்து வளையங்கள் போட்டேன். மூலையில் 24 என்று எழுதி, அதன் மேல் கோடு இழுத்தேன். தாளை ஊதிக் காய வைத்தேன். எல்லாத் தாளுக்கும் செய்கிற மாதிரியேதான். மை காய்ந்த பிறகுதான், இது என் தாள் இல்லை, சாயந்திரம் மேலிடத்துக்குப் போக வேண்டிய தாள் என்பது உறைத்தது. சுரண்டிப் பார்த்தேன். தாள் மெல்லியது, கிழியப் பார்த்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். பெரிய ஸார் தாளை எடுத்தார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இதில் யார் கை வைத்தது?"

அந்த அம்மாள் தாளை வாங்கிப் பார்த்தார். அவர் முகமும் சிவந்துவிட்டது. "இது யந்திரத்தோட அவுட்புட் ஸார். இதுல பேனா படவே கூடாது. வேற நகல்கூட என்கிட்ட இல்லை" என்றார்.

எழுத்தர் ஒருவர், என் பக்கம் பாராமலே மெதுவாகச் சொன்னார்: "வேலை போகுமே என்கிற கவலையில் இருப்பவர்கள் செய்திருக்கலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அப்படியே நின்றிருந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் கதவருகே படகுக்காரர் நின்றிருந்தார். அவர் நனைந்த ஆறு தடவைகளும் என் மேசை மேல் தாளில் இருந்தன. நான் போய் அளவுத் தாளை எடுத்து வந்து, அச்சுத் தாளுக்குப் பக்கத்தில் விரித்தேன். இடது கை விரலை அளவின் மேல் வைத்தேன். வலது கை விரலை நட்சத்திரத்தின் மேல் வைத்தேன்.

"ஒண்ணு" என்றேன்.

இரண்டு விரலையும் நகர்த்தினேன். "ரெண்டு. மூணு."

யாரும் தடுக்கவில்லை. மேல்மட்டம் ஆறு முடிந்தது. அடுத்த ஆறு. அதற்கடுத்த ஆறு. பதினெட்டு வரை வந்தேன். "பத்தொம்பது" என்று சொல்லி வலது விரலை அந்த ஒற்றை நட்சத்திரத்தின் மேல் வைத்தேன். பிறகு இடது விரல் மட்டும் அளவுத் தாளில் இறங்கியது. வலது விரல் அங்கேயே இருந்தது.

"இருபது. இருபத்தொண்ணு. இருபத்திரெண்டு. இருபத்திமூணு. இருபத்திநாலு."

அந்த அம்மாள் என் விரல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தப்பு என்னோடது ஸார்" என்றார். "என் கட்டு ஒரு இடத்துல நட்சத்திரம் போடும். அங்க ஏற்கெனவே நட்சத்திரம் இருக்கான்னு பாக்காது. அதும் மேலயே இன்னொண்ணு போடும். ஆறு விழுந்தாலும் பாக்கறவங்களுக்கு ஒண்ணுதான். நான் இதை யோசிக்கவே இல்லை."

பெரிய ஸார் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்படியானால் இது தனியாக நிற்கிற அளவு இல்லை. இந்தத் தாளிலேயே ரொம்ப உறுதியான அளவு இதுதான். பாட்டில் சரியாகத்தான் மூடியிருக்கிறது" என்றார்.

"ஆறு தடவையும் மூடியதாணு ஸாரே" என்றார் படகுக்காரர் கதவருகிலிருந்து.

பெரிய ஸார் சிரித்துவிட்டார். எழுத்தரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. அன்று சாயந்திரம் மேலிடத்துக்கு எதுவும் போகவில்லை.

என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அந்த வளையங்களைப் போட்டேனா என்று பிறகு பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன். வேலையின் ஞாபகம் வந்திருந்தால் மைக்குப்பியையே தொட்டிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை அந்த அம்மாள் ஒரு நாற்காலியை இழுத்து என் மேசைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். நான் எழுந்து நின்றேன்.

"உக்காருங்க. நீங்க நின்னா நானும் நிக்கணும். எனக்கு மூட்டு வலி" என்றார். அவருக்கு ஒரு மூட்டு வலியும் இல்லை. "உங்க பழைய தாளெல்லாம் பாத்தேன். அந்த வளையத்தைத்தான் என் கட்டுல சேக்கப் போறேன். ஆனா யந்திரத்துக்கு வளையம் போட வராது. எழுத்தும் எண்ணும்தான் வரும். ரெண்டு விழுந்தா என்ன போடலாம்?"

"அம்மா… ரெண்டுன்னே போடலாமே" என்றேன்.

"அம்மாவா? நீங்க அம்மான்னா எனக்கு இன்னைக்கே நரைச்சுடும். சரி, ரெண்டுக்கு ரெண்டு, மூணுக்கு மூணு. பத்து விழுந்தா? ஒரு இடத்துல ஒரு எழுத்துதான் போகும்."

"எனக்குப் பத்து விழுந்ததில்லை."

"யந்திரத்துக்கு விழும். எல்லா வருஷத்தையும் ஒரே தாள்ல போடச் சொல்வாரே உங்க ஸார்."

யோசித்தேன். பண்டகசாலையில் கணக்குக்கு மிஞ்சிய குவியலுக்கு என்ன செய்வோம்? "ஒன்பதுக்கு மேலே போனா ஒரு பெருக்கல் குறி போட்டு, எத்தனைன்னு ஓரத்துல எழுதலாம்" என்றேன். என் தமிழில் மலையாளத்தின் நீட்டல் இருக்கும். அவர் அதைக் கேட்டுச் சிரித்தார். கேலியாக இல்லை.

"பரவாயில்லையே. காகிதத்தைத் தாண்டிப் போற அளவுக்கு?"

"அம்புக்குறி வைப்பேன். தாண்டிப் போச்சுன்னாவது தெரியணும் இல்லையா."

"என் கட்டு அதை அப்படியே முழுங்கிடுது" என்று தலையில் லேசாகத் தட்டிக்கொண்டார். "இந்த மூலையில எழுதற எண்ணிக்கை?"

"அது எண்ணிப் பாக்கறதுக்கு."

"அதையும் யந்திரமே எண்ணி அச்சடிக்கட்டும்."

இரண்டு நாள் அப்படி உட்கார்ந்து, கட்டம் போட்ட தாள்களில் வழிமுறையை எழுதினார். பல வரிகளை அடித்தார், திரும்ப எழுதினார். ஒவ்வொரு வரியும் பிறகு ஒரு கார்டாகுமாம். நான் படித்துப் புரிந்துகொள்ள முடியாத வரிகள். ஆனால் அவற்றில் எது வளையம், எது அம்பு என்று அவர் விரலால் காட்டிக்கொண்டே போனார். மதராஸுக்குத் திரும்பும்போது, யந்திரத்தில் ஓட்டிப் பார்த்துத் தாளை அனுப்புவதாகச் சொன்னார். "எண்ணிப் பாருங்க அண்ணா. ஏதாவது இருந்தா எனக்கே எழுதுங்க" என்றார்.

மூன்று வாரம் கழித்துத் தபால் வந்தது. உறையில் என் மேசைக்கென்று குறித்திருந்தது. அதே ஆடி மாதத்து அளவுகள். மேலே நட்சத்திரங்கள். கீழே வலதுகோடியில், நட்சத்திரம் இருந்த இடத்தில், 6. படகுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வெங்காயத்தை உரிச்சு எண்ணிட்டாளே!" என்றார். விரலால் அந்த ஆறைத் தொட்டுப் பார்த்தார். "இனி பாட்டில் மூடலைன்னு யாராவது சொல்லட்டும், பார்க்கலாம்."

அவர் போன பிறகு மூலையைப் பார்த்தேன். யந்திரம் தானே எண்ணிய எண்ணிக்கை அங்கே அச்சாகியிருந்தது. 25.

நட்சத்திரங்களை எண்ணினேன். பதினெட்டு. ஆறைச் சேர்த்தால் இருபத்துநான்கு. அளவுத் தாளிலும் இருபத்துநான்குதான். யந்திரம் இல்லாத ஒன்றை எண்ணியிருக்கிறது.

இதைப் பெரிய ஸார் பார்க்கவில்லை. அவர் படத்தைப் பார்ப்பார், மூலையைப் பார்ப்பதில்லை. ஆபீஸில் மூலையைப் பார்க்கிறவன் நான் ஒருவன்தான். தாளை எடுத்துக்கொண்டு வராந்தாவில் வந்து நின்றேன். எதிரே வைப்பின் தீவுக்குப் போகும் படகு நிறைய ஆட்களோடு நகர்ந்துகொண்டிருந்தது. நான் பேசாமல் இருந்தால் என்ன ஆகும்? எப்போதாவது யாராவது கண்டுபிடிப்பார்கள். யந்திரத்துக்கு எண்ணத் தெரியாது என்பார்கள். மேலிடம் யோசிக்கும். கை வேலை இன்னும் ஒரு வருஷம் ஓடும். எழுதிப் போட்டால் அந்த அம்மாள் சரி செய்துவிடுவார். பிறகு அந்தக் கட்டில் ஒரு குறையும் இருக்காது, எனக்கும் வேலை இருக்காது. வளையம் போட்ட அன்று இந்த யோசனை எதுவும் இல்லை. இப்போது எல்லாம் தெளிவாகவே தெரிந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு எண்ணிப் பாக்கச் சொல்லித்தானே உங்களுக்கு அனுப்பினா?" என்று கேட்டாள்.

"ஆமாம்."

"எண்ணியாச்சில்லே. பின்னே சொல்லணும்தானே."

நான் வேலை விஷயமாகக் கடிதம் எழுதியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மூன்று தாளைக் கிழித்தேன். கடைசியில் நாலு வரிதான் வந்தது. "தாள் வந்தது. படம் நன்றாக இருக்கிறது. அடித்தட்டில் 6 சரி. மூலையில் 25 என்று இருக்கிறது, 24 தான். எங்கோ ஒன்று கூடுதலாக எண்ணப்படுகிறது." கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலை மட்டாஞ்சேரித் தபால் பெட்டியில் போட்டேன். உறை உள்ளே விழுந்த சத்தம் கேட்கும் வரை நின்றேன்.

பத்து நாளில் பதில் வந்தது. அளவுக் கார்டுகள் முடிந்தன என்று யந்திரத்துக்குச் சொல்ல, கடைசியில் ஒரு வெறுங்கார்டு வைப்பார்களாம். கட்டு அந்த வெறுங்கார்டையும் ஒரு அளவாக எண்ணியிருக்கிறது. ஒரு கார்டை எடுத்து இரண்டு கார்டு முன்னால் மாற்றி வைத்ததும் சரியாகிவிட்டதாம். "இந்தக் கட்டை வாங்கிப் போன எல்லா ஊருக்கும் புதுக் கட்டு அனுப்பிட்டேன். பழசைத் தூக்கிப் போடச் சொல்லிட்டேன். மத்த ஊர்கள்ல யாருமே எண்ணிப் பாக்கலை அண்ணா" என்று எழுதியிருந்தார். கூடவே புதிய தாள். மூலையில் 24.

அதே தபாலில் பெரிய ஸாருக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. சாயந்திரம் அவர் கூப்பிட்டார். போனேன். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

"பரீட்சை முடிந்துவிட்டது. யந்திரம் தேறிவிட்டது" என்றார். "அடுத்த வருஷம் நீங்கள் படம் போட வேண்டாம்."

"சரி ஸார்."

"முழுதும் கேளுங்கள். இனி மாதத்துக்கு நூறு தாள் வரும். பழைய வருஷங்களையும் அனுப்பப் போகிறோம். நூறு தாளையும் அப்படியே நம்பி மேலிடத்துக்கு அனுப்ப என்னால் ஆகாது. அன்றைக்கு ஒரு நல்ல அளவை நானே தூக்கிப் போடப் பார்த்தேன். எந்தத் தாள் வந்தாலும் முதலில் உங்கள் மேசைக்கு வரட்டும். நீங்கள் கோடு இழுத்த பிறகு நான் பார்க்கிறேன். தற்காலிக வேலைதான், ஒரு வருஷத்துக்குக் கேட்டு எழுதியிருக்கிறேன். தருவார்கள் என்று நினைக்கிறேன்."

நான் வழக்கம்போல "சரி ஸார்" என்று திரும்பினேன். கதவு வரை போனவன் நின்றேன்.

"ஸார், பழைய வருஷங்களை அனுப்பும்போது எல்லாத் தாளுக்கும் ஒரே அளவுகோல் வைக்கச் சொல்ல வேண்டும். அன்று அவர் கொண்டுவந்த தாள்களில் யந்திரம் ஒவ்வொரு தாளுக்கும் ஒவ்வொரு மாதிரி இழுத்துப் போடுகிறது. ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்க முடியாது."

பன்னிரண்டு வருஷத்தில் அவரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அதையும் அவருக்கு நீங்களே எழுதிவிடுங்கள்" என்றார்.

வெளியே மழை விட்டிருந்தது. படகுக்காரர் படகிலிருந்து பாட்டில்களை இறக்கிக்கொண்டிருந்தார். நான் மேசைக்குப் போய் இன்னொரு கடிதத்தை ஆரம்பித்தேன். இந்த முறை ஒரு தாளைத்தான் கிழித்தேன்.